இடது பெருவிரலின் மூலை

என் சின்ன மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தால் வலது காலை முன்னால் ஊன்றிக்கொள்வார். இடது காலைப் பின்னால் இழுத்து, வலது குதிகாலுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். சாப்பிடும்போதும் டிவி பார்க்கும்போதும் யாராவது வந்து பேசிக்கொண்டிருக்கும்போதும் அப்படித்தான். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே கவனித்துவிட்டேன். பதினாறு வருஷம் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. படித்த நாளிலும் டீச்சர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் தலையைக் குனிந்துகொள்வேன். வாய் சும்மா இருப்பவர்களுக்குக் கண் இரண்டு மடங்கு வேலை செய்யும். இந்த வீட்டில் யார் எந்தக் கையால் கதவைத் திறப்பார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும்.

அவர் என் கணவரின் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எட்டு மாடி ஆபீஸ் கட்டிடம் ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் ஓட்டினார். இரும்பு மடக்குக் கதவு வைத்த பழைய காலத்து லிஃப்ட். கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால்தான் நகரும். உட்கார ஒரு ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்தால் இரண்டு பேர் நிற்கிற இடம் போய்விடும் என்று அவர் நின்றுகொண்டேதான் இருப்பார்.

"மூஞ்சியைப் பார்த்தா, என்ன முறைக்கிறான்னு நினைப்பாங்கம்மா. அதனால காலைப் பார்ப்பேன். காலைப் பார்க்கிறது யாருக்கும் தெரியாது" என்பார்.

கால்களை வைத்தே ஆட்களைத் தெரிந்துவைத்திருந்தார். இடது குதி மட்டும் தேய்ந்த பழுப்பு ஷூ என்றால் நாலாவது மாடி வக்கீல் குமாஸ்தா. கயிறு கட்டாத வெள்ளை ஷூ ஏழாவது மாடி விளம்பரக் கம்பெனிப் பையன். இரண்டு விரலில் பிளாஸ்திரி ஒட்டிய பெண் கால் ஆறாவது மாடி டைப்பிஸ்ட். அவள் புதுச் செருப்பு வாங்கும்போதெல்லாம் அப்படி ஆகும். எந்த வருஷம் எந்த மாடியில் யார் இருந்தார்கள், யார் காலி செய்தார்கள், அவர்கள் இடத்துக்கு யார் வந்தார்கள், எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ரிடையர் ஆகி வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகும் அந்தக் கட்டிடத்திலிருந்து போன் வரும். "பெரியவரே, அந்த அஞ்சாவது மாடி வாடகைக்காரர் எந்த வருஷம் போனார்?" என்று கேட்பார்கள். இவர் மாசத்தையும் சேர்த்துச் சொல்லுவார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். அவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

இடது காலின் ரகசியம் எனக்குத் துணி துவைக்கும்போது பிடிபட்டது. அவருடைய படுக்கை விரிப்பு மட்டும் எப்போதும் கால்மாட்டில், ஒரே இடத்தில் கிழியும். தைத்துப் போட்டால் இரண்டு மாதத்தில் மறுபடி அங்கேயே கிழியும். எதுவோ மாட்டி இழுக்கிறது என்று தெரிந்தது. இரண்டு வருஷம் அதையும் கேட்காமல் தைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்து, இடது காலை வாளி விளிம்பில் தூக்கி வைத்துக்கொண்டு, என் கணவரின் கட்டிங் பிளையரோடு குனியப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கம்பி வெட்டுகிற பிளையர் அது. மாமாவுக்குத் தொப்பை குறுக்கே நின்றது. மூச்சு வாங்கியது. பிளையரின் வாய் நகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெருவிரலை முழுதாகப் பார்த்தேன். நகம் என்று சொல்ல முடியாது. மாட்டுக் கொம்பில் ஒரு துண்டை வெட்டி ஒட்டியதுபோல மஞ்சளாக, வரிவரியாக, மேல்நோக்கி வளைந்து பக்கத்து விரல்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் காலைச் சட்டென்று வாளிக்குப் பின்னால் மறைத்தார்.

"மாமா, நான் வெட்டி விடட்டுமா?"

அந்தப் பதினாறு வருஷத்தில் நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"வேண்டாம்மா. பார்க்கிற மாதிரி இருக்காது."

"நான் கம்பெனியில தினம் நானூறு சட்டைக்கு நூல் வெட்டறேன் மாமா."

"இது சட்டை இல்லம்மா. கட்டடம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்த பிறகு மறைக்க முடியவில்லை. காலை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார்.

அது எப்படி ஆனது என்று அன்றைக்குத்தான் சொன்னார். லிஃப்ட் வேலைக்கு வருஷத்துக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ கொடுப்பார்கள். இவருக்கு ஒன்பதாம் நம்பர் கால். ஸ்டோர்காரர் ஒவ்வொரு வருஷமும் எட்டாம் நம்பரையே நீட்டி, போடப் போட விரியும் என்பாராம். "விரிஞ்சது ஷூ இல்லம்மா, என் விரல்தான்." பத்தாவது வருஷம் மடக்குக் கதவின் கீழ்க்கம்பி அந்த விரல்மேல் விழுந்தது. நகம் கழன்று போனது. புதிதாக முளைத்தது இப்படி முளைத்தது.

அடுத்த நாள் அவர் சுகர் பார்க்கப் போகும் கிளினிக்கில் நர்ஸிடம் நானே கேட்டேன். கைப்பையைப் பிசைந்துகொண்டுதான் கேட்டேன், ஆனால் கேட்டேன். அந்த அம்மா உட்காரவைத்துச் சொன்னார். "வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் ஊற வைங்க. சூடு சரியான்னு உங்க முழங்கையில பாருங்க, அவர் காலை நம்பாதீங்க. நல்லாத் துடைங்க, விரல் இடுக்குல ஈரம் நிக்கக் கூடாது. ஒரே வெட்டா வெட்டாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா, நேரா வெட்டுங்க. மேல்பக்கத்தை அரத்தால தேய்ச்சு மெலிசாக்குங்க. மூலையில மட்டும் கையே வைக்காதீங்க. மூலை வெளிய நீட்டிக்கிட்டு இருந்தாலும் பரவாயில்ல, விட்டுடுங்க."

எழுந்தபோது கையைப் பிடித்து நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். "அவருக்குக் கால்ல உணர்ச்சி ரொம்பக் கம்மி. வெட்டுனாலும் வலிக்காது. அவருக்குப் பதிலா நீங்கதான் வலியைப் பார்த்துக்கணும்."

இதைவிடத் தெளிவாக ஒருவருக்குச் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு என்று ஆனது. பால்கனியில் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் அவரை உட்காரவைப்பேன். நான் முக்காலியில் கீழே உட்கார்ந்து, மடியில் பழைய துண்டை விரித்து, அவர் காலை அதில் வைத்துக்கொள்வேன். தடித்த நகத்துக்கென்றே விற்கிற பெரிய நகவெட்டி ஒன்று வாங்கியிருந்தேன். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு ஆரம்பிப்பேன். ஒரு அரிசி அளவு, இன்னொரு அரிசி அளவு என்று நறுக்குவேன். சில்லுகள் தெறித்து என் கண்ணாடியில் படும். பிறகு அரம். வெள்ளைத் தூள் துண்டில் மாவுபோலக் கொட்டும். கடைசியில் பாதத்தில் வாஸ்லின் தடவி, விரல் இடுக்கை மட்டும் விட்டுவிட்டு, சாக்ஸ் போட்டுவிடுவேன். முழுக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அவர் மாடி மாடியாகப் போய்க் கதை சொல்லுவார். நான் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு சுகமான ஒரு மணி நேரம் வேறு இருந்ததில்லை.

ஒரு வருஷத்தில் கொம்பு தேய்ந்து நகம்போல ஆனது. அவர் முன்பக்கம் திறந்த செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டார். தினம் சாயங்காலம் தெருமுனை பஸ் ஸ்டாப்புக்குப் போய், அதே கட்டிடத்தில் வாட்ச்மேனாக இருந்த தன் சிநேகிதரோடு ஏழு மணிவரை உட்கார்ந்திருப்பார். போகிறவர் வருகிறவர் கால்களைப் பார்த்து இரண்டு பேரும் பந்தயம் கட்டுவார்களாம், இவன் என்ன வேலை செய்கிறவன் என்று.

எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. இதை இப்போதுதான் சொல்ல முடிகிறது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளை வெட்டுவதுதான் நான் செய்வது. உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கத்தரி ஒன்று தருவார்கள். முனை ஊசிபோல இருக்கும். தையலுக்குள் நுழைத்து, வேரோடு வெட்ட வேண்டும். செக்கர் சட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். ஒரு நூல் தெரிந்தால் போதும், அந்த அடுக்கு முழுவதும் திரும்பி வந்துவிடும். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. எது நீட்டிக்கொண்டிருந்தாலும் என் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் ஜாக்கெட்டில் நூல் தொங்கினால்கூட விரல் துடிக்கும்.

அந்த ஞாயிறு எல்லாம் முடிந்து, சாக்ஸை எடுத்த பிறகு பார்த்தேன். பெருவிரலின் உள்பக்க மூலையில் ஒரு சின்ன முள்போல நகம் நீட்டிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் அவ்வளவு அழகாக, நேராக வந்திருந்தது. நர்ஸ் சொன்னது காதில் ஒலிக்காமல் இல்லை. ஒலித்தது. ஒரு ஓரம்தானே என்று நினைத்தேன். பெரிய நகவெட்டி அந்த இடத்துக்குள் போகாது. எழுந்துபோய் என் வேலைப்பையிலிருந்து நூல் கத்தரியை எடுத்து வந்தேன். நூலுக்குச் செய்வதுபோலவே முனையை உள்ளே நுழைத்து, வேரோடு வெட்டினேன்.

மாமா அப்போது ஆறாவது மாடியில் இருந்தார். "அந்த டைப்பிஸ்டுப் பொண்ணு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தப்பவும் பிளாஸ்திரியோடதான் வந்துச்சும்மா..." என்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை. என் துண்டில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது.

பஞ்சை வைத்து அழுத்தினேன். நின்றுவிட்டது. சாக்ஸைப் போட்டுவிட்டேன். "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது மாமா" என்றேன்.

வியாழக்கிழமை காலையில் அவருடைய இடது கால் சாக்ஸ் கழற்ற வரவில்லை. என் கணவர்தான் உதவப் போனார். ஒட்டியிருந்ததை ஈரம் பண்ணி உரித்ததும் விரல் வீங்கிச் சிவந்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது தெரிந்தது. வாடை அடித்தது.

"ஐயோ, என்ன சித்தப்பா இது! எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"

"இல்லையேடா."

"இல்லாம எப்படி இப்படி ஆகும்?" என்னிடம் திரும்பினார். "பாத்ரூம் படியில இடிச்சிருப்பாரோ? நீ பார்த்தியா?"

நான் தலையை ஆட்டினேன்.

ஆமாம் என்று நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. தலையால்தான் சொன்னேன். தலையால் சொன்ன பொய்யும் பொய்தான்.

கிளினிக்கில் டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்ப இடிச்சீங்க பெரியவரே?"

"இடிச்ச மாதிரி நினைவு இல்லைங்க."

"பாத்ரூம் படியில டாக்டர். இவ பார்த்திருக்கா" என்றார் என் கணவர்.

"வலி தெரியாது, சரி. ஆனா இடிச்சா உடம்பு தடுமாறி இருக்குமே. எதையாவது பிடிச்சிருப்பீங்களே. அதுகூடவா ஞாபகம் இல்ல?"

மாமா வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். டாக்டர் சீட்டில் ஏதோ எழுதினார். எழுதும் பேனாவையே மாமா பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் நின்ற நர்ஸ் என்னைப் பார்த்தாரோ இல்லையோ, நான் அவரைப் பார்க்கவில்லை.

பாதி நகத்தை எடுத்தார்கள். மாத்திரை, ஊசி, தினமும் கட்டு மாற்ற வேண்டும். "ரெண்டு வாரம் பார்ப்போம். கறுக்க ஆரம்பிச்சா விரலை எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர்.

கட்டு மாற்றுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. மூன்றாம் நாள் வாட்ச்மேன் மாமா பார்க்க வந்தார். வாசலிலேயே குரல் கேட்டது.

"என்ன மாடியாரே, லிஃப்ட் ரிப்பேராமே?"

"வாய்யா தரையாரே. மாடி ஏறி வந்திருக்கியே, அதிசயம்!"

"ஆளில்லாம பஸ் ஸ்டாப்பு ஓடலைய்யா. நேத்து ஒருத்தன் கறுப்பு பூட்ஸ் போட்டு வந்தான். போலீசுன்னேன். பக்கத்துல போய்ப் பார்த்தா பேண்டு வாத்தியக்காரன். சொல்லித் தர ஆள் வேணும். எப்ப வர்றே?"

மாமா பதில் சொல்லுமுன் என் கணவர் சொன்னார். "இனி தனியா வெளிய வேண்டாம்ங்க. வீட்டுக்குள்ள இருக்கிற படியே தெரியல இவருக்கு. ரோட்டுல பஸ் எப்படித் தெரியும்?"

கேலியாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. வாட்ச்மேன் மாமா பேச்சை மாற்ற, கட்டு மாற்றிக்கொண்டிருந்த என்னைக் காட்டி, "பெத்த பொண்ணுகூட இப்படிச் செய்யாதுய்யா. கொடுத்து வச்சவன் நீ" என்றார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது. துணியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன். முகத்தைத் தூக்கவில்லை.

அவரை வழியனுப்ப என் கணவரும் கீழே இறங்கிப் போன பிறகு மாமா மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, நீ பார்த்தேன்னு சொன்னியே. எந்தப் படியில இடிச்சேன்? மேல்படியா, கீழ்படியா? சொன்னா நான் யோசிச்சுப் பார்க்கிறேன்."

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் கால் என் மடியில் இருந்தது.

"கீழ்படி மாமா" என்றேன். இந்தத் தடவை வாயால்.

"கீழ்படி" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டார், மனப்பாடம் செய்கிறவர்போல.

அதற்குப் பிறகு அவர் தன்னையே பரீட்சை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். நான் சமையலறையில் இருப்பேன், அவர் அறையிலிருந்து முணுமுணுப்பு கேட்கும். "ஒண்ணு, பேங்க்கு. ரெண்டு, மேப் விக்கிறவங்க, அப்புறம் தபால் கோர்ஸ் நடத்தினவர். மூணு, கண் டாக்டர், எதிர்ல கண்ணாடிக் கடை..." ஐந்தாவது மாடியில் நின்றுவிடுவார். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "அஞ்சாவது மாடியில பல் டாக்டருக்கு எதிர் ரூம் யாருன்னு நான் உன்கிட்ட சொல்லியிருக்கேனாம்மா?" என்று கேட்டார். சொல்லியிருக்கிறார். குடைக் கம்பெனி. சொன்னேன். "பார்த்தியா, உனக்கு இருக்கு. எனக்கு இல்ல" என்றார்.

பயந்துபோய் யோசித்தால் யாருக்குமே எதுவும் வராது. இதை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் பயத்துக்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

கட்டிடத்திலிருந்து போன் வந்தபோது எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "தப்பாச் சொல்லிட்டா அசிங்கம்." குளியலறைக்குப் போகும்போது கீழ்படியில் நின்று, அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, சதை வளர ஆரம்பித்துவிட்டது, விரலுக்கு இனி பயமில்லை என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் எனக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். விரல் பிழைத்துவிட்டது. ஆறிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, வீணாக எல்லோருக்கும் மனக்கஷ்டம். இப்படிச் சொல்லிக்கொண்டதும் தூக்கம்கூட வந்தது எனக்கு. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அதிகமாகக் கூசுகிறது.

நாலு நாள் கழித்து, காலைச் சாப்பாட்டின்போது மாமா தன் சட்டைப் பையிலிருந்து வாசல் சாவியை எடுத்து என் கணவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது எதுக்கு சித்தப்பா?"

"நீயே வச்சுக்கடா. என்கிட்ட இருந்தா தொலைச்சுடுவேன். கேஸ் பக்கமும் என்னை விடாதீங்க. அப்புறம்..." குரலைத் தணித்துக்கொண்டார். "ரொம்ப முத்திப்போச்சுன்னா, உங்களுக்கு பாரமா இருந்தா, எங்கயாவது சேர்த்து விட்டுடுங்க. அதுக்கு நான் சம்மதம்னு இப்பவே, புத்தி இருக்கும்போதே சொல்லிடறேன்."

"என்ன சித்தப்பா காலங்காத்தால!" என்று என் கணவர் அதட்டினார். ஆனால் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார்.

நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கட்டு மாற்றும் சாமான்களை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அவர் காலை நீட்டினார். நான் தொடவில்லை.

"மாமா, நீங்க எங்கயும் இடிக்கல."

"என்னம்மா?"

"படியில நீங்க இடிக்கவே இல்ல. நான் வெட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை. மூலையில நூல் கத்தரியை விட்டு... ரத்தம் வந்துச்சு. துடைச்சுட்டு சாக்ஸ் போட்டுட்டேன். நீங்க டைப்பிஸ்ட் கதை சொல்லிட்டிருந்தீங்க."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பிளாஸ்திரியோட பத்திரிகை கொடுக்க வந்த கதையா?"

"ஆமா மாமா."

"அப்ப நான் இடிக்கல."

"இல்ல மாமா."

"இடிக்கல!" என்றார் மறுபடியும், இந்தத் தடவை பெரிதாக. தொடையில் தட்டிக்கொண்டார். சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "இடிக்காததை எவன் ஞாபகம் வச்சுக்க முடியும்! அதானே பார்த்தேன்! அந்தப் படியை எத்தனை தரம் உத்து உத்துப் பார்த்தேன் தெரியுமா? குடைக் கம்பெனிம்மா! பல் டாக்டருக்கு எதிர்ல குடைக் கம்பெனி!"

நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. ஏதோ கூட்டிப் பார்ப்பவர்போல விரலை மடக்கினார்.

"வியாழக்கிழமையில இருந்து இன்னைக்கு வரைக்கும் பத்தொன்பது நாள்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எந்தப் படின்னு உன்கிட்டக் கேட்டேன். கீழ்படின்னு சொன்னே."

"ஆமா மாமா."

"கத்தரி பட்டது தப்பு இல்லம்மா. அது யாருக்கும் நடக்கும். முப்பத்து நாலு வருஷத்துல நானும் எத்தனை பேர் பையைக் கதவுல நசுக்கியிருக்கேன்." அவர் குரல் உயரவே இல்லை. "ஆனா எனக்குப் புத்தி கழண்டுபோச்சுன்னு நான் நினைக்கிறது உன் கண்ணுக்குத் தெரிஞ்சுது. இந்த வீட்டுல வேற யாருக்குத் தெரியாட்டியும் உனக்குத் தெரியும். தெரிஞ்சும் பார்த்துக்கிட்டிருந்தே."

கட்டுத் துணியோடு அவர் காலை நோக்கிக் கையை நீட்டினேன்.

காலை மெதுவாக இழுத்துக்கொண்டு, "கட்டை நான் பார்த்துக்கறேன். போ" என்றார்.

சாயங்காலம் என் கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவரிடமும் சொன்னேன். கத்தினார். "டாக்டர்கிட்ட சரியாச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ரெண்டு கண்ணாலயும் ஊரையே அளக்கிறியே, வாயைக் கடன் வாங்கியாவது பேசக் கூடாதா?" நியாயமான பேச்சு. பிறகு சித்தப்பாவின் அறைக்குப் போய், சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். கிளினிக்கிலும் நானே போய்ச் சொன்னேன். டாக்டர் சீட்டில் எழுதியிருந்ததை அடித்தார். நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்து, "மூலையில கை வைக்காதீங்கன்னு சொன்னேன்ல?" என்றார்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. விரல் ஆறிவிட்டது. நகம் பாதிதான் வளர்ந்திருக்கிறது, அதுவும் கோணலாக. மாமா தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறார். கட்டிடத்துக்காரர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுகிறார். என்னிடம் முகம் கோணியதில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்கிறார். ஆனால் அந்தச் சந்தேகம் அவரை விட்டு முழுசாகப் போகவில்லை. கதவைப் பூட்டிவிட்டு இறங்கியவர் பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். முன்பெல்லாம் அப்படிச் செய்தவர் இல்லை. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை கிளினிக்குக்குப் போய் நர்ஸிடம் நகம் வெட்டிக்கொள்கிறார். நான் வெட்டி விடட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "வேண்டாம்மா, அங்க பழகிப்போச்சு" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.